பயிற்சிப் புத்தகத்தில் இல்லாத கேள்வி

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப்புறச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரும் அவரை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. செம்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகைப் பதிவேட்டை எழுதும் கிராணி (எழுத்தர்). கணவர் லாரி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். ஆறு ஆண்டுகளுக்கு முன் கணவனும் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். கடைவீட்டு மாடியில் கூடும் சிறிய தமிழ்ச் சபை அவர்களுடையது. 67 வயது அம்மா உடன் வாழ்கிறார். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர், இந்து. அண்ணன் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பொருளாளர்.

சபையில் எட்டு வாரச் சாட்சிப் பயிற்சி, அதாவது தம் விசுவாசத்தைப் பிறரிடம் சொல்வதற்கான பயிற்சி, தொடங்கவிருக்கிறது. பயிற்சி முடிந்ததும் குழுக்களாகப் பிரிந்து பழைய லயத்து வீடுகளுக்கும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), மலிவு விலை அடுக்குமாடிக்கும், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் கொங்சிக் குடியிருப்புகளுக்கும் போய், துண்டுப் பிரசுரத்தோடு அரிசியும் எண்ணெயும் அடங்கிய பையைக் கொடுப்பது திட்டம். ஞாயிறு மாலைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன். ஒரு குழுவை நடத்தும் பொறுப்பு இவருக்கு வந்திருக்கிறது.

“எனக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாது. கர்மாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வேன்? கிறிஸ்தவர் அல்லாதவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினாலே இந்த நாட்டில் குற்றம் என்கிறாள் என் தோழி. அரசியலமைப்புச் சட்டமே நமக்கு உரிமை தந்திருக்கிறது, யாருக்கும் பயப்பட வேண்டாம் என்கிறார் சபையில் ஒருவர். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காள், நான் ஏன் தேவாலயத்துக்குப் போகிறேன் என்று கேட்கிறார். அவரிடம் வாயைத் திறக்கலாமா? குழுத் தலைவியின் வீட்டில் சாமி விளக்கு எரியக் கூடாது, அம்மாவின் சாமி மாடத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறார் கணவர். நான் எப்படி ஆயத்தமாவது?” இவையே அவருடைய கேள்விகள். கடைசிப் பக்கத்தில், கேள்வியாக இல்லாமல், ஒரு சம்பவத்தையும் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கடைசிப் பக்கம்தான். பயிற்சிக்கான குறிப்புகளை நீங்கள் ஒரு மாலையில் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து, “நான் செத்தால் உன் பிள்ளைகள் எனக்கு நெய்ப்பந்தம் பிடிப்பார்களா?” என்று கேட்டார். நீங்கள் உயிர்த்தெழுதலைப் பற்றிய வசனத்தைச் சொன்னீர்கள். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். “அம்மாவுக்கு இயேசுவின் மேல் கோபம்” என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். அதற்கு முன் சட்டத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் குழு அடுத்த சில வாரங்களில் அறியாமலே சிக்கலுக்குள் போகக்கூடும்.

சட்டம் எங்கே கோடு கிழித்திருக்கிறது

உங்கள் தோழி சொல்வதும் சரியில்லை, சபைச் சகோதரர் சொல்வதும் சரியில்லை.

தோழி, இந்தியாவில் சில மாநிலங்களில் இருக்கும் மதமாற்றத் தடைச் சட்டங்களைப் பற்றிய செய்திகளைக் கைப்பேசியில் பார்த்திருக்கக் கூடும். நம் நாட்டில் நிலைமை வேறு. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் உரிமை தருகிறது. நான்காம் உட்பிரிவுக்கு உட்பட்டு அதைப் பரப்பவும் உரிமை தருகிறது. ஆகவே ஓர் இந்துவிடமோ பௌத்தரிடமோ உங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது குற்றமாகாது. அவர்கள் உங்களிடம் தங்கள் சமயத்தைப் பற்றிப் பேசவும் அதே உரிமை உண்டு.

சபைச் சகோதரர் படிக்காமல் விட்டது அந்த நான்காம் உட்பிரிவை. இஸ்லாத்தைப் பின்பற்றுவோரிடையே வேறு சமயக் கொள்கைகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்று அது சொல்கிறது. திரங்கானு 1980இலும் கிளந்தான் 1981இலும் அப்படிச் சட்டம் இயற்றின. சிலாங்கூரின் சட்டம் 1988ஆம் ஆண்டினது. பினாங்கு, சபா, சரவாக், கூட்டரசுப் பிரதேசங்கள் ஆகியவற்றில் இப்படித் தனிச் சட்டம் கிடையாது. நீங்கள் இருப்பது சிலாங்கூர் என்பதால் இது உங்களை நேரடியாகத் தொடுகிறது. ஒரு முஸ்லிமை வேறு சமயத்தின் பக்கம் சாய வைக்க முயல்வதும், அந்த நோக்கத்தோடு அவரை அணுகுவதும், அவருக்குச் சமயப் பிரசுரம் அனுப்புவதும் கொடுப்பதும், 18 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளையை வேறு சமயச் செல்வாக்குக்கு ஆளாக்குவதும் அதன்படி குற்றங்கள். அபராதமும் சிறையும் உண்டு. மேலும், அரசியலமைப்பின் அதே 11ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, பொது ஒழுங்குக்கான சட்டங்களை மீறும் செயலுக்குச் சமய உரிமை கேடயமாகாது என்கிறது.

இதிலிருந்து உங்கள் திட்டத்தில் உடனே நீக்க வேண்டியது கொங்சிப் பயணம். சட்டம் பார்ப்பது சமயத்தை; குடியுரிமையை அல்ல. வங்காளதேசத் தொழிலாளரிலும் இந்தோனேசியத் தொழிலாளரிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இருட்டிய பிறகு ஒரு கொங்சி வாசலில் நின்று மலாய் மொழிப் பிரசுரத்தை நீட்டும்போது, வாங்குகிற கை யாருடையது என்று உங்களால் அறிய முடியாது. தீபகற்பத்தில் மலாய் மொழி வேதாகமத்தின் மேல் சிலுவைச் சின்னமும் ‘கிறிஸ்தவப் பிரசுரம்’ என்ற வாசகமும் இருக்க வேண்டும் என 2011இல் அரசாங்கம் முடிவு செய்ததே இந்த விஷயம் எவ்வளவு கூர்மையானது என்பதைக் காட்டும். அந்தத் தொழிலாளியின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். அவருடைய வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. ஏதாவது புகார் எழுந்தால் நீங்கள் வழக்கறிஞரைத் தேடுவீர்கள். அவர் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும்.

உணவுப் பையைப் பற்றியும் ஒரு நினைவூட்டல். 2011 ஆகஸ்டில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தேவாலயத்தின் நன்றி விருந்தில் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்று மாநில இஸ்லாமியச் சமய இலாகா அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். யார்மீதும் வழக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பரபரப்பு பல மாதங்கள் ஓயவில்லை. விருந்துக்கு வந்திருந்த எளிய மனிதர்களும் விசாரணைக்குள் இழுக்கப்பட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்காள்

அவர் கேட்பது நட்பின் கேள்வி. ஒரே வேலிக்கு இருபுறமும் பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்கிறீர்கள், நோன்புப் பெருநாளுக்கு லெமாங் (மூங்கிலில் வேகவைத்த சோறு) வருகிறது, கிறிஸ்துமஸுக்கு முறுக்கு போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் யார் என்பதை அவரிடம் ஒளிக்கத் தேவையில்லை. “நான் கிறிஸ்தவள், ஞாயிற்றுக்கிழமை ஜெபிக்கப் போகிறேன், அது எனக்கு ஆறுதல் தருகிறது” என்று உங்கள் வாழ்க்கையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வது அண்டைவீட்டுப் பேச்சு.

அதற்கு அப்பால் போகாதீர்கள். புத்தகம் கொடுப்பது, பிரசங்கக் காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, சபைக்கு அழைப்பது, தலையில் கைவைத்து ஜெபிப்பது எல்லாம் கோட்டைத் தாண்டும் செயல்கள். “அவரே கேட்டார், அதனால் சொன்னேன்” என்பது உங்களை முழுவதும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். சட்டத்தில் உள்ள ‘தூண்டுதல்’, ‘செல்வாக்கு’ போன்ற சொற்கள் விரிவானவை. அவர் மேலும் கேட்டால், சட்டம் எனக்கு வரம்பு வைத்திருக்கிறது, உங்கள் நட்பு எனக்குப் பெரிது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஒளிவுமறைவில்லாத அந்தப் பதிலே மரியாதையானது.

இதைக் கோழைத்தனம் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லலாம். இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய லீனா ஜாய் என்ற பெண்ணின் வழக்கில் 2007இல் வந்த தீர்ப்பை அவர்களிடம் சொல்லுங்கள். அடையாள அட்டையிலிருந்து ‘இஸ்லாம்’ என்ற சொல்லை நீக்க ஷரியா (இஸ்லாமியச் சட்ட) தரப்பின் உறுதிப்பத்திரம் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் முடிவு சொன்னது. நீங்கள் ஆர்வத்தில் சொல்லும் ஒரு சொல்லின் விலையை, திருமணம், பிள்ளைகள், குடும்பம் என்று உங்கள் பக்கத்து வீட்டு அக்காள்தான் கட்ட வேண்டியிருக்கும். பிறருடைய விலையில் துணிச்சல் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

எப்போதாவது விசாரணை என்று யாராவது வந்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள். கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும் என்று அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் வரும்வரை பொறுத்திருங்கள். ஷரியா நீதிமன்றத்துக்கு முஸ்லிம் அல்லாதவர்கள்மேல் அதிகாரம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது

இதை நீங்கள் கடிதத்தில் கேட்கவே இல்லை. ஆனால் சட்டத்தைவிட இதுவே என்னை அதிகம் உறுத்தியது.

லயத்து வீடுகளில் நீங்கள் சந்திக்கப்போகும் பலரின் வருகையைப் பதிவு செய்கிறவர் நீங்கள். முன்பணம் கேட்டு வருகிறவர்கள் உங்கள் மேசை முன்னால்தான் நிற்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கிராணி என்ற சொல்லின் கனம் தெரியும். என் தந்தை கிராணி வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வாசலில் நிற்பார். காலம் மாறியிருக்கலாம், ஆனால் அந்தப் பழக்கம் உடம்பிலிருந்து சீக்கிரம் போவதில்லை. கிராணியம்மா கையில் அரிசிப் பையும் பிரசுரமுமாக வாசலில் நின்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நீங்கள் விசுவாசம் என்று எண்ணிவிடுவீர்கள்.

உணவையும் நற்செய்தியையும் ஒரே பையில் போடாதீர்கள். இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் சமய உரையாடல் அவை, உலக சுவிசேஷக் கூட்டணி ஆகிய மூன்றும் 2011இல் கூட்டாக வெளியிட்ட சாட்சி நெறிமுறைகளில், ஏழைகளின் தேவையைப் பயன்படுத்திக்கொள்வதையும் பண, பொருள் ஆசை காட்டுவதையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கின்றன. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் பெந்தெகொஸ்தேயினரும் ஒன்றாக உட்கார்ந்து ஒத்துக்கொண்ட விஷயங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. பசித்த வீட்டுக்கு அரிசி கொடுங்கள், பிரசுரம் இல்லாமல் கொடுங்கள், கோயில் நிர்வாகத்தோடு சேர்ந்தும் கொடுங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள தொழிலாளர்களின் வீடுகளுக்குச் சாட்சி சொல்ல நீங்கள் போகவே வேண்டாம். வேறு குழு போகட்டும். தோட்டம் தனியார் நிலம் என்பதால் எந்தக் குழு போனாலும் மேலாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. மாரியம்மனைப் பேய் என்றோ, கோயிலை இருட்டு என்றோ எழுதிய பிரசுரங்களை உங்கள் குழு தொடக் கூடாது. சமய உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு பேசினால் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 298ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள், சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துக் கட்டிய கோயில் அது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியான இடங்களில் பல குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே அடையாளம் அந்தக் கோயில்தான். அதைப் பழித்துவிட்டு அவர்களுக்கு நல்ல செய்தி கொண்டுவந்ததாக நாம் சொல்ல முடியாது.

டியூஷன் பிள்ளைகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் தீர்மானிக்கிறார்கள் என்று அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு சொல்கிறது. தம் பிள்ளைகளைக் கணவர் ஒருதலையாக இஸ்லாத்துக்கு மாற்றியதை எதிர்த்த ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் வழக்கில், 2018 ஜனவரியில், பிள்ளைகளின் மதமாற்றத்துக்குத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். நமக்காக வரவேற்ற நீதியை நம் அயலாருக்கு மறுக்கக் கூடாது. கணிதம் கற்பிப்பதாகச் சொல்லி அழைத்தால் கணிதம் கற்பியுங்கள். பாட்டும் வேதக் கதையும் உண்டு என்றால், அதை முன்கூட்டியே பெற்றோர் இருவரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

ஆயத்தம் என்பது எது

இப்போது உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். உங்கள் பயிற்சியின் முகப்பு வசனமாக 1 பேதுரு 3:15 இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் ‘உத்தரவு சொல்ல’ ஆயத்தமாயிருங்கள் என்பது அதன் சாரம். இன்று உத்தரவு என்றால் கட்டளை என்று பொருள் கொள்கிறோம். பழைய வேதாகமத் தமிழில் அதற்குப் பதில் என்று பொருள். சிலர் வீடு வீடாகப் போய் முதல் பொருளில்தான் உத்தரவு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘அப்போலோகியா’. அது நீதிமன்றச் சொல் என்பதால் வழக்கறிஞனான எனக்கு நெருக்கமானது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பை எடுத்துச் சொல்லும் பேச்சுக்கு அந்தப் பெயர். அவர் அங்கே யாரையும் குற்றஞ்சாட்டுவதில்லை. தமக்கு என்ன நடந்தது, தாம் ஏன் இப்படி வாழ்கிறோம் என்று கேட்டவருக்கு விளக்குகிறார். அந்த நிருபம் எழுதப்பட்டதும் சிதறி, சிறுபான்மையாக, அண்டை அயலாரின் சந்தேகப் பார்வைக்கு நடுவில் வாழ்ந்தவர்களுக்கு. ஒரு தோட்டப்புறச் சபைக்கு அதைவிடப் பொருத்தமான வாசகம் இருக்க முடியாது. அந்த வசனத்தில் பேச்சைத் தொடங்கி வைப்பது கேட்கிறவர் என்பதையும் கவனியுங்கள்.

நான் சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு பயிற்சிக்குப் போனேன். முப்பது ஆட்சேபங்களும் முப்பது பதில்களும் கொண்ட ஒரு கையேடு கொடுத்தார்கள். மனப்பாடம் செய்தேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது என் தாய்மாமா, அந்த மாதம்தான் தம் மகனைப் பறிகொடுத்திருந்தவர், “எல்லாம் விதி” என்றார். அது பன்னிரண்டாவது ஆட்சேபம். நான் பன்னிரண்டாவது பதிலைச் சொன்னேன். அவர் மௌனமானார், நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் அவர் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அவர் கேட்டது தத்துவம் அன்று என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு காலம் ஆயிற்று.

கர்மாவைப் பற்றி உங்களிடம் கேட்கப்போகிறவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள். “என் பிள்ளை இப்படிப் பிறந்ததற்கு யார் செய்த பாவம்?” என்பார்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டிச் சீடர்கள் இயேசுவிடம் கேட்ட கேள்வியும் இதுவே. இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் அவர். அந்த வீட்டில் அவ்வளவு சொன்னால் போதும். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று விசாரியுங்கள்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் முதலில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். தமிழ்நூல்களைத் தேடித் தேடிப் படித்தார். தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் நம்பிக்கை என்ன, ஏன் அப்படி நம்புகிறீர்கள் என்று கேட்டு, வந்த பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூலை அவரை அனுப்பியவர்கள் அச்சிட விரும்பவில்லை. அது வெளிவர 1867 வரை ஆயிற்று. புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய அதே மனிதர், தாம் பேசவந்த மக்களிடம் முதலில் கேள்வி கேட்டார்.

எட்டு வாரங்களை நீங்களும் அப்படிப் பயன்படுத்தலாம். மாற்கு நற்செய்தியில் பதினாறு அதிகாரங்கள். வாரத்துக்கு இரண்டாக முழுவதும் படித்துவிடலாம். ஆயிரம் தனி வசனங்களைவிட ஒரு முழுக் கதை மனத்தில் நிற்கும். உங்கள் சொந்த அனுபவத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரட்சிப்பு, அபிஷேகம், விடுதலை போன்ற சபைச் சொற்கள் ஒன்றும் வராமல், அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் புரியும்படி எழுதுங்கள். நான் பலரை இப்படி எழுதச் சொல்லியிருக்கிறேன், முதல் முறை யாருக்கும் வருவதில்லை. பிறகு அண்ணனிடம் போய், திருவிழாவில் தீமிதிக்கும்போது அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். மறுத்துப் பேசுவதற்காகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். கூடப் பிறந்தவரிடம் ஆறு ஆண்டுகளாகக் கேட்காத கேள்வி அது என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. “எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்” என்ற வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

குழுத் தலைமையை ஏற்பதா, விடுவதா? உங்கள் போதகர் கொங்சிப் பயணத்தைக் கைவிட்டு, உணவையும் பிரசுரத்தையும் பிரித்து, டியூஷனுக்குப் பெற்றோர் ஒப்புதலை வாங்கச் சம்மதித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். சம்மதிக்காவிட்டால், பயிற்சியில் மட்டும் கலந்துகொண்டு தலைமையை மறுத்துவிடுங்கள். இதை மரியாதையோடு, எழுத்தில் சொல்வது நல்லது.

விளக்கும் நெய்ப்பந்தமும்

சாமி மாடத்தை எடுக்க வேண்டாம். கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் இருக்கும் வீட்டின் முன்பணம் அம்மாவின் ஊழியர் சேமநிதிப் பணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றி விளக்கோடு நிரையில் நின்று சேர்த்த பணம் அது. அரசியலமைப்பு உங்களுக்குத் தரும் உரிமையை அம்மாவுக்கும் தருகிறது. அவர் வெள்ளிக்கிழமை ஏற்றும் விளக்கு உங்கள் விசுவாசத்தைக் குறைக்காது. அதைப் பிடுங்கினால், நாளை எந்த வீட்டு வாசலில் நின்று நீங்கள் அன்பைப் பற்றிப் பேசினாலும், அம்மாவின் விளக்கை எடுத்தவள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது நியாயமாகவும் இருக்கும்.

நெய்ப்பந்தக் கேள்விக்கு வருகிறேன். பாட்டியின் உடலைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து நிற்பது நம் மக்களிடையே நிறைவாழ்வின் அடையாளம். தன் வேரிலிருந்து முளைத்தவர்கள் தன்னை வழியனுப்பினார்கள் என்று அதற்குப் பொருள். உங்கள் அம்மா இயேசுவைப் பற்றி விவாதிக்க வரவில்லை. நான் இறக்கும் நாளில் நீ எனக்கு மகளாக இருப்பாயா, உன் பிள்ளைகள் எனக்குப் பேரர்களாக இருப்பார்களா என்று கேட்டிருக்கிறார். கேள்வி புரியாமல் போனது உங்கள் குற்றமில்லை. உங்கள் கையில் அப்போது குறிப்பேடு இருந்தது.

பிள்ளைகள் பந்தம் பிடிக்கலாமா என்பதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. அதை நான் தீர்ப்புச் சொல்லி முடித்துவைக்க மாட்டேன். நீங்களும் கணவரும் போதகரும் உட்கார்ந்து, மனச்சாட்சிக்கு எது ஏற்றது என்று இப்போதே பேசி முடிவெடுங்கள். சவப்பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு அந்த விவாதம் நடந்தால் குடும்பம் உடையும். அப்படி உடைந்த குடும்பங்கள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. அண்ணனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொள்ளி வைப்பவர் அவர் என்பதால் சடங்கின் பொறுப்பு அவருடையது. அம்மாவின் விருப்பங்களை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, ஒரு தாளில் எழுதி, இரண்டு பிள்ளைகளும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது பெரிய சட்ட ஆவணம் ஆகாவிட்டாலும் அண்ணன் தங்கைக்குள் பிணக்கு வராமல் காக்கும்.

உங்களால் உறுதியாகச் செய்யக்கூடியவை எவ்வளவோ இருக்கின்றன. கடைசிக் காலத்தில் பணிவிடை செய்வது, இரவெல்லாம் உடலருகே உட்கார்ந்திருப்பது, அவருக்குப் பிடித்த சேலையைக் கட்டிவிடுவது, சுடுகாட்டுச் செலவில் பாதியை ஏற்பது, பதினாறாம் நாள் வருகிறவர்களுக்குச் சோறு போடுவது. முடியும் என்றால் முடியும் என்று சொல்லுங்கள். முடியாத ஒன்று இருந்தால் அதையும் மறைக்காமல், ஏன் என்றும் சொல்லுங்கள்.

முதல் வகுப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. அம்மா விளக்கேற்றி முடிக்கும்வரை காத்திருந்து, குறிப்பேட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு குவளைத் தேநீரோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை அம்மா, இன்னொரு தடவை கேளுங்கள்” என்று சொல்லுங்கள்.